பச்சிளம் பிள்ளையின் கழுத்துக் கட்டி: அச்சமும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம்

பிள்ளை பிறந்த வீட்டில் மகிழ்ச்சிக்கு நிகராகப் பயமும் குடியிருக்கும் என்பது பெற்றோர் அனைவரும் அறிந்ததே. வைத்தியசாலையிலிருந்து குறையேதுமின்றி வீடு வந்த சிசுவின் கழுத்தில் இரண்டு, மூன்று வாரங்கள் கழித்து ஒரு கட்டி தென்படுமாயின் அந்த வீட்டின் நிலையை விவரிக்கத் தேவையில்லை. புற்றுநோயோ என்று ஒருவர் அஞ்சுவார். சுளுக்கு என்று மற்றொருவர் எண்ணெய்ப் போத்தலைத் தேடுவார். பிள்ளையைச் சரியாகத் தூக்கத் தெரியவில்லை என்ற பழி, பிரசவக் களைப்புத் தீராத தாயின் தலையில் விழும். இம்மூன்றுமே பெரும்பாலும் தவறானவை.

கழுத்தின் இரு பக்கங்களிலும், காதுக்குப் பின்னுள்ள எலும்பிலிருந்து இறங்கி மார்பெலும்பிலும் காறை எலும்பிலும் பொருந்தும் தசையொன்று உண்டு. தலையைச் சாய்ப்பதும் திருப்புவதும் அதன் பணிகளாகும். சில சிசுக்களில் ஒரு பக்கத்துத் தசை இறுகிக் குறுகிவிடுகின்றது. அதனுள் நார்த்திசு திரண்டு, 1 முதல் 3 சென்ரிமீற்றர் வரையான கெட்டியான கட்டியாகத் தோன்றுவதும் உண்டு. மருத்துவ உலகம் இதனை டோர்ட்டிகோலிஸ் என்று அழைக்கின்றது. வலப்பக்கத் தசை இறுகினால் தலை வலப்பக்கம் சாயும். நாடியோ இடப்பக்கம் திரும்பும். பிள்ளை எப்போதும் ஒரே திசையையே பார்க்கும். ஒரு பக்க மார்பில் மட்டும் பாலருந்தச் சிரமப்படும்.

கருப்பையில் நெருக்கமாகக் கிடந்தமையும், பிரசவத்தின்போது தசைக்கு நேர்ந்த பாதிப்பும் இதற்குக் காரணங்களாகக் கருதப்படுகின்றன. தலைப்பிள்ளைகளிலும், புட்டம் முன்னாகப் பிறந்த பிள்ளைகளிலும் இது கூடுதலாகக் காணப்படுகின்றது. சிசேரியன் மூலம் பிறந்தவர்களும் இதற்கு விலக்கல்லர். ஆகவே தாயின் கைப்பழக்கத்தைக் குறைகூறுவதில் எவ்வித நியாயமும் இல்லை.

இங்கு கவனிக்க வேண்டிய விடயமொன்று உண்டு. இக்கட்டி பிறக்கும்போது பெரும்பாலும் தென்படுவதில்லை. இரண்டாவது வாரத்துக்கும் நான்காவது வாரத்துக்கும் இடையிலேயே கைக்குத் தட்டுப்படும். அதாவது, வைத்தியசாலைப் பரிசோதனை முடிந்து, தமிழர் வீடுகளில் முப்பத்தொன்றும் முஸ்லிம் வீடுகளில் நாற்பதும் கழியட்டும் எனத் தாயும் பிள்ளையும் வெளியே செல்லாதிருக்கும் நாட்களிலேயே அது தலைகாட்டுகின்றது. நூல் கட்டுவதும் ஓதிப் பார்ப்பதும் அவரவர் நம்பிக்கை சார்ந்தவை. அவற்றில் குறை காண்பது எமது நோக்கமன்று. ஆனால் அவை முடியட்டும் என்று வைத்தியரிடம் செல்வதைத் தள்ளிப்போடலாகாது. வீடு தேடி வரும் குடும்பநல உத்தியோகத்தரிடம் பிள்ளையின் கழுத்தைக் காட்டுவதற்கு எந்தத் தடையும் இல்லை.

காலம் ஏன் முக்கியமானது? கட்டி சில மாதங்களில் தானாகவே கரைந்துவிடுவது வழமை. அதைக் கண்டு குணமாகிவிட்டது என எண்ணுவோர் உண்டு. எனினும் கட்டி மறைந்த பின்னரும் தசையின் இறுக்கம் நீடிக்கக்கூடும். அவ்வாறு நீடித்தால் தலையின் ஒரு பக்கம் தட்டையாகி, முகத்தின் இரு பாதிகளும் வேறுபட்டு வளரும். முதல் மாதத்திலேயே பயிற்சியை ஆரம்பித்தால் பெரும்பாலான பிள்ளைகள் சில வாரங்களில் தேறிவிடுவர். ஆறு மாதங்களின் பின் தொடங்கினால் அதே பலனுக்கு ஒன்பது, பத்து மாதங்கள் செல்லலாம். ஒரு வயதுக்குப் பின்னும் இறுக்கம் தீராத சிலருக்கே சத்திரசிகிச்சை தேவைப்படும்.

பயிற்சி என்பது எண்ணெய் தேய்த்து நெரிப்பதன்று. கட்டியை அமுக்குவதும் கழுத்தைச் சடுதியாகத் திருப்புவதும் ஆபத்தானவை. தசையை மெதுவாக நீட்டும் முறையை இயன்மருத்துவர் தாய்க்குக் கற்றுத்தருவார். பிள்ளையின் உடை மாற்றும்போதெல்லாம் அதனைச் செய்யலாம். பிள்ளை பார்க்கத் தயங்கும் பக்கத்தில் நின்று பேசுவதும், விளையாட்டுப் பொருளை அப்பக்கத்தில் காட்டுவதும் உதவும். விழித்திருக்கும் வேளையில், பெரியவர் அருகிலிருக்கச் சிறிது நேரம் குப்புறக் கிடத்துவதும் நன்று. உறங்கும்போது மட்டும் மல்லாத்தியே கிடத்த வேண்டும்.

கழுத்தில் தோன்றும் கட்டிகள் யாவும் இத்தகையவை அல்ல. நிணநீர்க் கணு வீக்கமாகவோ பிறவி நீர்க்கட்டியாகவோ இருக்கலாம். கழுத்தெலும்பின் அமைப்புக் குறைபாட்டாலும் பார்வைக் கோளாற்றாலும் கூடத் தலை சாயலாம். எனவே என்ன நோய் என்பதை வைத்தியரே தீர்மானிக்க வேண்டும். தேவையேற்படின் அல்ட்ராசவுண்ட் பரிசோதனை செய்யப்படும். இப்பிள்ளைகளுள் சிலருக்கு இடுப்பு மூட்டிலும் குறைபாடு இருக்கக்கூடுமாதலால் அதனையும் பரிசோதிக்குமாறு கேட்பது நல்லது. கட்டி சிவந்து சூடாக இருத்தல், காய்ச்சல், விரைவாகப் பெருத்தல், மூச்சுவிடவோ பாலருந்தவோ சிரமப்படுதல், கடும் சோர்வு ஆகியவற்றில் ஒன்றேனும் காணப்பட்டால் ஒரு நாளும் தாமதிக்காது வைத்தியசாலைக்கு விரைய வேண்டும்.

பெரும் செலவோ அரிய மருந்தோ வேண்டாத சிகிச்சை இது. வேண்டப்படுவன தாயின் பொறுமையும், அவளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாத குடும்பமும், உரிய வேளையில் எடுக்கப்படும் முடிவுமே. கட்டியைக் கண்ட அன்றே பிள்ளையை வைத்தியரிடம் கொண்டு செல்லும் குடும்பம், அப்பிள்ளை பின்னாளில் நேராகத் தலைநிமிர்ந்து நிற்க வழிசெய்கின்றது.