ராமன் விளைவா, சேர்க்கைச் சிதறலா?

உலகம் ‘ராமன் விளைவு’ என்று அழைக்கும் ஒளிச்சிதறலுக்கு ருஷ்யப் பாடநூல்கள் ஆள் பெயர் சூட்டுவதில்லை. அங்கே அது ‘ஒளியின் சேர்க்கைச் சிதறல்’.

1928 பிப்ரவரியில் இரண்டு ஆய்வுக்கூடங்களில் இந்த நிகழ்வு தென்பட்டது. கல்கத்தாவின் பௌபஜார் தெருவில் சி.வி. ராமனும் வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணனும் அதைத் திரவங்களில் தேடினர். மாஸ்கோவில் இயற்பியலாளர்கள் லாண்ட்ஸ்பெர்க்கும் மண்டெல்ஸ்டாமும் குவார்ட்ஸ் படிகத்தில் வேறொன்றைத் தேடிக்கொண்டிருந்தனர்: ஒலியலைகளால் ஒளியின் அதிர்வெண்ணில் நேரும் மிகச் சிறு மாற்றம். கிடைத்ததோ அதைவிடப் பன்மடங்கு பெரியது. பிப்ரவரி 21 அன்றே அதைக் கண்டதாக ருஷ்யத் தரப்பு சொல்கிறது; ராமன் நிறமாலை நோக்கியில் பார்த்து உறுதிசெய்தது பிப்ரவரி 28. அச்சில் முந்தியது கல்கத்தாதான். அதன் முதல் கடிதம் மார்ச் 31 ‘நேச்சர்’ இதழில் வந்தது. மாஸ்கோக் கடிதம் ஜூலையில் வெளியானது.

பெர்லின் இயற்பியலாளர் பிரிங்ஷைம் அதே ஆண்டு ‘ராமன் விளைவு’ என்று எழுதினார். 1923இலேயே இதைக் கோட்பாட்டில் கணித்த ஸ்மெக்கலின் பெயரையும் ஜெர்மன் நூல்கள் சேர்த்துக்கொண்டன. 1930இன் நோபல் பரிசு ராமன் ஒருவருக்கே கிடைத்தது.

ருஷ்யப் பெயர் நிகழ்வின் உள்ளிருந்தே எடுத்தது. மூலக்கூறில் பட்டுச் சிதறும் ஒளியில் பெரும்பகுதி அதிர்வெண் மாறாமல் வெளியேறும். ஏறத்தாழ ஒரு கோடி ஃபோட்டானில் ஒன்றுதான் மூலக்கூறின் அதிர்வுக்குக் கொஞ்சம் ஆற்றலைக் கொடுத்துவிட்டோ அதிலிருந்து வாங்கிக்கொண்டோ போகும். ஆகவே அதன் புதிய அதிர்வெண், வந்த ஒளியின் அதிர்வெண்ணோடு மூலக்கூறின் அதிர்வெண்ணைக் கூட்டினாலோ கழித்தாலோ கிடைக்கும். அந்தக் கூட்டல் கழித்தல்தான் ‘சேர்க்கை’. மாணவருக்கு இந்தப் பெயர் அதிகம் கற்றுத்தருகிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். இன்றைய ருஷ்ய ஆய்வுக் கட்டுரைகளில் ராமன் பெயரும் கலந்தே புழங்குகிறது.

தனிமங்களின் உலகில், ஆள் பெயரைத் தவிர்க்கும் இந்த வழி இடைக்கால விதியாகவே ஆனது. 104ஆம் தனிமத்துக்கு அமெரிக்கரும் சோவியத்தினரும் உரிமை கொண்டாடியபோது, சர்வதேச வேதியியல் ஒன்றியம் எண்ணை வைத்தே ‘அன்னில்குவாடியம்’ என்று இடைக்காலப் பெயர் தந்தது. ‘ரூதர்ஃபோர்டியம்’ முடிவானது 1997இல்.

நடுநிலைப் பெயர் நாடுகளுக்கிடையிலான வழக்கைத் தீர்க்கும். ஒரே ஆய்வுக்கூடத்துக்குள் உள்ளதைத் தீர்க்காது. ராமனின் கூடத்திலேயே 1923இல் கே.ஆர். ராமநாதன் இந்த மங்கிய ஒளியைக் கண்டு ‘வலுக்குறைந்த ஒளிர்வு’ என்று பதிவுசெய்திருந்தார். 1928 பிப்ரவரித் தொடக்கத்தில் திரவம் திரவமாக அதைச் சோதித்தவர் கிருஷ்ணன். இவர்கள் உழைப்பு எந்தப் பெயரிலும் இல்லை. ‘ராமன்–கிருஷ்ணன் விளைவு’ என்று சிலர் கோருவது முற்றிலும் நியாயம். ‘நேச்சர்’ கடிதத்தை எழுதியவர்கள் அந்த இருவருமே.