தோலைக் கெடுக்கும் சுண்ணாம்பு

ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் தோல் தொழிலில் இருப்பவர்களுக்கு செப்சிஸை விளக்குவது சுலபம். தொட்டியில் மயிரைக் கழற்றுகிற சுண்ணாம்பே, நேரம் தப்பினால் தோலையும் கெடுத்துவிடும். கிருமியை விரட்டக் கிளம்பும் அழற்சியும் அளவு மீறினால் ரத்தக்குழாய்கள் கசிகின்றன, நுரையீரலும் சிறுநீரகமும் தடுமாறுகின்றன; அதுதான் செப்சிஸ். அப்படியானால் அழற்சியை அடக்கிவிட்டால் போதாதா? மருந்துத் துறையும் அப்படித்தான் நினைத்தது. டிஎன்எஃப் என்ற அழற்சிப் புரதத்தை மறிக்கும் மருந்துகள் 1990களின் பெரிய ஆய்வுகளில் கைகொடுக்கவில்லை. 2001இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ‘சிக்ரிஸ்’ என்ற செப்சிஸ் மருந்து, பலனில்லை என்று தெரிந்து 2011இல் திரும்பப் பெறப்பட்டது. செப்சிஸ் ஒரே நோயல்ல. பல நோய்கள் வந்து முடியும் இடம். எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து தேடியதுதான் பிழை என்பேன்.

வேலூர் சிஎம்சி மருத்துவர்கள் முன்னின்று, இந்தியாவின் ஏழு மையங்களில் நடத்திய ஆய்வு வேறு வழியில் போனது. மழைக்காலத்திலும் அதையடுத்த குளிர்மாதங்களிலும் இந்த வட்டாரத்தில் பெருகும் உண்ணிக் காய்ச்சலை, அதாவது ஸ்க்ரப் டைபஸை, அது தனியாக எடுத்துக்கொண்டது. இதை உண்டாக்கும் கிருமி விசித்திரமானது. பல பாக்டீரியாக்களின் மேலுறையில் இருந்து செப்சிஸைத் தூண்டும் எண்டோடாக்சின் இதனிடம் கிடையாது. ஆனால் ரத்தக்குழாய்களின் உட்சுவர் செல்களுக்குள்ளேயே குடியேறிவிடுவதால், அழற்சியும் அங்கேயே மூள்கிறது. ஆய்வில் சோதித்தவை இரண்டு ஆன்டிபயாடிக்குகள். கிருமி புரதம் தயாரிக்கும் ரைபோசோமின் ஒரு பகுதியை டாக்சிசைக்ளின் முடக்கும், இன்னொரு பகுதியை அசித்ரோமைசின் முடக்கும். கடுமையாக நோயுற்ற ஏறத்தாழ 800 பேரில், இரண்டையும் சேர்த்து நரம்பு வழியே பெற்றவர்களில் 33 சதவீதத்தினருக்கே மரணமோ, நீடித்த காய்ச்சலோ, விலகாத உறுப்புப் பாதிப்போ நேர்ந்தது. தனித்தனியே பெற்றவர்களில் அது 47, 48 சதவீதம். முடிவு 2023இல் வெளியானது.

இறப்பு மட்டும் பெரிதாகக் குறையவில்லையே என்று கேட்கலாம். உண்மைதான், சிக்கல்கள் சீக்கிரம் விலகியதே இதன் பலன். அசித்ரோமைசினுக்கு அழற்சி தணிக்கும் குணமும் உண்டு, வெற்றி அதனால்தானோ என்றும் கேட்கலாம். இருக்கலாம், அதைப் பிரித்துக் காட்ட இந்த ஆய்வு அமைக்கப்படவில்லை. கோவிட்டில் அழற்சியை அடக்கும் டெக்சாமெத்தசோன் உயிர் காத்ததே என்பது இன்னும் வலுவான கேள்வி. ஆனால் அங்கும் நோய் ஒன்று, கட்டமும் ஒன்று: பிராணவாயு தேவைப்பட்டவர்களுக்கே பலன், மற்றவர்களுக்கு இல்லை. ஆக, எந்த நோய் என்று முதலில் தெரிய வேண்டும். உண்ணி கடித்த இடத்தில் பலருக்கு சிகரெட்டால் சுட்டதுபோல் கருத்த பொருக்கு இருக்கும்; வலிக்காது, அக்குளிலோ தொடையிடுக்கிலோ ஒளிந்திருக்கும். அங்கே பார்க்காமலே செஃப்ட்ரியாக்சோன் ஊசி போட்டு அனுப்பும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அந்த மருந்து இந்தக் கிருமியிடம் பலிக்காது.