வீட்டுப் பத்திரங்களும் இரண்டு கணனிகளும்

புலம்பெயர்ந்து வந்த எமது குடும்பங்களில் வேறு எது இல்லாவிட்டாலும் ஒரு பத்திரக் கட்டு இருக்கும். பிறப்புச் சான்றிதழ், திருமணப் பதிவு, பிள்ளைகளின் பாடசாலை விடுகைப் பத்திரம், வதிவிட அனுமதி, சட்டத்தரணி அனுப்பிய கடிதங்கள், ஊரில் எடுத்த நாலைந்து புகைப்படங்கள். இவற்றை ஸ்கான் செய்து கணனியில் போட்டு வைக்கும் நல்ல பழக்கம் எம்மவர் பலரிடம் உண்டு. ஆனால் அநேகமான வீடுகளில் அவை ஒரே ஒரு கணனியில்தான் இருக்கின்றன. அது களவு போனாலோ, தேநீர் கொட்டிப் பழுதானாலோ எல்லாம் போய்விடும். ஊருக்கு எழுதி மீண்டும் ஒரு பிறப்புச் சான்றிதழ் எடுப்பது எத்தனை சிரமம் என்பதை நாம் சொல்லத் தேவையில்லை.

இதற்குச் செலவில்லாத ஒரு வழி உண்டு. பலருடைய வீட்டில் பிள்ளைகளின் படிப்புக்கென வாங்கிய விண்டோஸ் மடிக்கணனி ஒன்று இருக்கும். யாரோ கொடுத்த, அல்லது மலிவாக வாங்கிய பாவித்த கணனி ஒன்றும் அலுமாரிக்குள் கிடக்கும். விண்டோஸ் 10 இற்கான வழமையான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசொஃப்ட் நிறுவனம் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் நிறுத்தியது. பழைய கணனிகள் பலவற்றை விண்டோஸ் 11 ஏற்றுக்கொள்வதில்லை. அதற்காக அவற்றைக் குப்பையில் போட வேண்டியதில்லை. லினக்ஸ் என்னும் இலவச இயங்குதளத்தை அவற்றில் ஏற்றலாம். அதன் வகைகளில் லினக்ஸ் மின்ட் புதியவர்களுக்கு இலகுவானது.

ஒன்றுக்கொன்று பேசுமா?

'ஒன்று விண்டோஸ், மற்றது லினக்ஸ். இரண்டும் ஒன்றோடொன்று கதைக்குமா?' என்று சிலர் கேட்கக்கூடும். கதைக்கும். விண்டோஸ் கணனிகள் தமக்குள் கோப்புக்களைப் பரிமாறப் பாவிக்கும் மொழிக்கு எஸ்.எம்.பி. என்று பெயர். இது 1980களில் ஐ.பி.எம். நிறுவனத்தில் பிறந்து, பின்னர் மைக்ரோசொஃப்டினால் வளர்க்கப்பட்டது. அவுஸ்திரேலியாவின் கன்பரா நகரில் பல்கலைக்கழக மாணவராக இருந்த அன்ட்ரூ ட்ரிட்ஜெல் என்பவர், கணனிகளுக்கிடையே ஓடும் செய்திகளைக் கவனித்தே இம்மொழியை அறிந்துகொண்டு, 1990களின் தொடக்கத்தில் ஒரு மென்பொருளை எழுதினார். எஸ், எம், பி ஆகிய மூன்று எழுத்துக்களும் வரும் சொல்லை அகராதியில் தேடி அதற்கு 'சம்பா' என்று பெயரிட்டார். அவர் தொடங்கிய பணியின் பயனாக இன்று லினக்ஸ் மின்ட் போன்றவற்றில் இந்த வசதி ஏற்கனவே அமைந்திருக்கிறது.

முதலில் விண்டோஸ் பக்கம்

இரண்டு கணனிகளும் வீட்டிலுள்ள ஒரே இணைய இணைப்பில் இருக்க வேண்டும். விருந்தினர் இணைப்பில் ஒன்றும் வீட்டு இணைப்பில் மற்றதும் இருந்தால் அவை ஒன்றையொன்று காணமாட்டா.

1. விண்டோஸின் செட்டிங்ஸ் பகுதியில் நெட்வேர்க் என்பதைத் திறந்து, வீட்டு இணைப்பைப் 'பிரைவேட்' என்று மாற்றுங்கள். அங்கேயே மேம்பட்ட பகிர்வு அமைப்புக்குள் சென்று, 'பிரைவேட்' பகுதியில் கோப்புப் பகிர்வை இயக்குங்கள். இரகசியச் சொல் கேட்கும் பாதுகாப்பை நிறுத்த வேண்டாம்.

2. இந்தத் தேவைக்கென்றே கணனியில் ஒரு புதிய பாவனையாளர் பெயரை உண்டாக்குங்கள். மைக்ரோசொஃப்ட் கணக்கு இல்லாத சாதாரண பெயர் போதும். நீண்ட இரகசியச் சொல் ஒன்றையும் கொடுங்கள். கணனியைத் திறக்க அழுத்தும் நான்கு இலக்கப் 'பின்' எண் இங்கு செல்லாது.

3. சி டிரைவில் நேரடியாக ஒரு புதிய போல்டரை உண்டாக்கி, இடைவெளி இல்லாத ஆங்கிலப் பெயர் ஒன்றை வையுங்கள். பத்திரங்களை அதற்குள் பிரதி செய்யுங்கள். பின் அதன்மேல் மவுஸின் வலது பொத்தானை அழுத்தி, 'புரொப்பர்ட்டீஸ்', 'ஷேரிங்', 'ஷேர்' என்று செல்லுங்கள். புதிய பாவனையாளரின் பெயரைச் சேர்த்து, 'ரீட்' என்ற அனுமதியை மட்டும் கொடுங்கள். அப்போது மற்றக் கணனியிலிருந்து வாசிக்கலாம், பிரதி எடுக்கலாம். தவறுதலாக எதையும் அழித்துவிட முடியாது.

4. நெட்வேர்க் பகுதியில் இணைப்பின் விபரங்களைத் திறந்தால் 'ஐ.பி.வி.4' முகவரி தெரியும். பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி லினக்ஸ் பக்கம்

லினக்ஸ் மின்டில் கோப்புக்களைக் காட்டும் சாளரத்தைத் திறந்து, 'பைல்' பட்டியலில் 'கனெக்ட் டு சேர்வர்' என்பதைத் தெரிவு செய்யுங்கள். வகை என்னும் இடத்தில் 'விண்டோஸ் ஷேர்' என்பதை எடுங்கள். சேர்வர் என்னும் இடத்தில் குறித்துவைத்த முகவரியையும், ஷேர் என்னும் இடத்தில் போல்டரின் பெயரையும் எழுதுங்கள். பின்னர் புதிய பாவனையாளர் பெயரையும் இரகசியச் சொல்லையும் கொடுங்கள். 'டொமைன்' என்னும் இடத்தில் இருப்பதை அப்படியே விடலாம். சில விநாடிகளில் பத்திரங்கள் திரையில் வரும்.

இரகசியச் சொல் பிழை என்று வந்தால் விசைப்பலகையைக் கவனியுங்கள். ஜேர்மன் விசைப்பலகையில் ஒய்யும் இசெட்டும் ஆங்கில விசைப்பலகையிலிருந்து இடம் மாறியிருக்கும். பிரெஞ்சு விசைப்பலகையில் ஏயும் கியூவும் இடம் மாறியிருக்கும். லினக்ஸ் ஏற்றும்போது வேறு விசைப்பலகையைத் தெரிவு செய்திருந்தால் நீங்கள் அழுத்துவது ஒன்று, பதிவாவது இன்னொன்று. திரையில் புள்ளிகள் மட்டுமே தெரிவதால் பிழை கண்ணில் படாது. வெற்றுத் தாளில் எழுதுவதுபோல் வேறொரு இடத்தில் அச்சொல்லை எழுதிப் பார்த்து அழித்துவிடுங்கள்.

நேற்று வேலை செய்தது இன்று இல்லை என்றால் இரண்டு காரணங்கள் இருக்கலாம். விண்டோஸ் கணனி உறங்கிப்போயிருக்கலாம், அல்லது அதன் முகவரி மாறியிருக்கலாம். இரண்டையும் பார்த்துவிட்டு மீண்டும் முயலுங்கள்.

பார்ப்பது வேறு, பிரதி வேறு

இங்குதான் பலர் ஏமாறுகிறார்கள். லினக்ஸ் திரையில் பத்திரம் தெரிவதால் அது அந்தக் கணனிக்கு வந்துவிட்டது என்று எண்ணுகிறார்கள். அது பக்கத்து வீட்டுப் பூந்தோட்டத்தை எமது யன்னலால் பார்ப்பது போன்றதுதான். பத்திரம் இன்னமும் விண்டோஸ் கணனியிலேயே இருக்கிறது. முழுப் போல்டரையும் பிடித்து, பிரதி செய்து, லினக்ஸ் கணனியில் 'டொக்யுமென்ட்ஸ்' என்னும் இடத்தில் ஒட்டினால்தான் உங்களிடம் இரண்டு பிரதிகள் இருக்கும். புதிய கடிதம் ஒன்று வந்து ஸ்கான் செய்யும் ஒவ்வொரு முறையும் இதைச் செய்ய வேண்டும்.

கோப்புக்களுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். இரண்டு இயங்குதளங்களும் யூனிகோட் முறையை அறிந்தவை. ஆனால் முன்பு பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்த கடிதங்கள் இருந்தால், லினக்ஸில் அவை பொருளற்ற ஆங்கில எழுத்துக்களாகத் தெரியும். கடிதம் பழுதாகவில்லை. பாமினி எழுத்துருக் கோப்பையும் பிரதி செய்து, அதன்மேல் இருமுறை அழுத்தி நிறுவிவிட்டால் தமிழ் திரும்பிவிடும்.

பாதுகாப்பு

புதிதாக வந்த குடும்பங்கள் பல, ஒரே வீட்டில் வேறு குடும்பங்களுடன் இணைய இணைப்பைப் பங்கிட்டுக்கொள்கின்றன. அகதி விண்ணப்பமும் மருத்துவக் கடிதங்களும் பிறர் பார்க்க வேண்டியவை அல்ல. ஆகவே போல்டரை 'எவ்ரிவன்', அதாவது எல்லோருக்கும், என்று ஒருபோதும் பகிர வேண்டாம். நூலகத்திலோ, முகாமிலோ, புகையிரத நிலையத்திலோ மடிக்கணனியைத் திறந்தால் இணைப்பைப் 'பப்ளிக்' என்றே வைத்திருங்கள். பிரதி எடுத்து முடிந்ததும் பகிர்வை நிறுத்திவிடுவது இன்னும் நல்லது.

பழைய அறிவுரைகள் சிலவற்றில் 'எஸ்.எம்.பி. 1' என்னும் பழைய முறையை இயக்கச் சொல்லியிருக்கும். அதைச் செய்ய வேண்டாம். 2017 மே மாதம் உலகெங்கும் பரவி, பிரித்தானிய வைத்தியசாலைகளைக்கூட முடக்கிய 'வொனாக்ரை' என்னும் நச்சு நிரல், திருத்தம் செய்யப்படாத விண்டோஸ் கணனிகளில் அந்தப் பழைய முறையில் இருந்த ஓட்டையினாலேயே நுழைந்தது. இன்றைய விண்டோஸும் லினக்ஸும் அது இல்லாமலே பேசிக்கொள்ளும்.

திரையில் வருவது இந்நாட்டு மொழியாக இருந்தால் பிள்ளைகளை அருகில் இருத்திக்கொள்ளுங்கள். அவர்கள் வாசித்துச் சொல்லட்டும். எந்தப் பத்திரம் எது என்பதை நீங்கள் அவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். அவர்களும் அதை அறிந்திருக்க வேண்டியவர்கள்தானே.

எல்லாம் முடிந்ததும் ஒரு சிறிய பரீட்சை வையுங்கள். விண்டோஸ் கணனியை முற்றாக நிறுத்திவிட்டு, பழைய கணனியில் உங்கள் பிறப்புச் சான்றிதழைத் திறந்து பாருங்கள். திறந்தால் வேலை முடிந்தது. திறக்காவிட்டால் நீங்கள் இன்னமும் யன்னலால்தான் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.