அசையாமல் நிற்கப் பழகுதல்

மாணவர் படையணியில் பிள்ளையைச் சேர்க்கச் சம்மதம் கேட்டுக் கடிதம் அனுப்பினால், மறுநாள் உம்மாமார் சிலர் பாடசாலை வாசலுக்கு வந்துவிடுவார்கள். "ஆமிக்கு எடுக்கத்தானா டீச்சர் இந்தப் பழக்கம்?" என்பதுதான் முதற் கேள்வி. காரைதீவிலும் கல்முனையிலும் இந்தக் கேள்வியை யாரும் விளையாட்டாகக் கேட்பதில்லை. 2009 வரை யுத்தத்துக்குள் வாழ்ந்தவர்கள் நாங்கள். சீருடையையும் சப்பாத்துச் சத்தத்தையும் கண்டு கதவைச் சாத்திய தாய்மார், மகள் அதே போல நடந்து வருவதைப் பார்க்கத் தயங்குவது நியாயம். ஆகவே பதிலை நேராகவே சொல்லிவிடுகிறேன். பாடசாலைக் கடேற் பயிற்சி பெற்ற பிள்ளை இராணுவத்தில் சேர வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை.

இலங்கையில் இந்தப் பயிற்சி 1881இல் கொழும்பு றோயல் கல்லூரியில் தொடங்கியது. நெடுங்காலம் இராணுவத்தின் ஒரு பிரிவாக இருந்து, 1988இல் தேசிய மாணவர் படையணி என்று தனியாக அமைக்கப்பட்டது. அதன் பயிற்சி நிலையம் மகாவலிக் கரையில் ரன்டம்பேயில் இருக்கிறது. நம் பக்கத்துப் பிள்ளைகள் அம்பாறை, மகா ஓயா, மஹியங்கனை வழியாக அங்கே போவார்கள்.

அணிநடை என்றால் என்ன? கையை வீசி நடப்பது மட்டும் அன்று. பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் நெதர்லாந்தின் மொரிஸ் இளவரசர் தம் படையை ஒழுங்குபடுத்தியபோது, ஒரு துப்பாக்கியை நிரப்பிச் சுடும் வேலையையே நாற்பதுக்கும் மேற்பட்ட தனித்தனி அசைவுகளாகப் பிரித்துப் பழக்கினார்கள். ஒரு கையில் எரியும் திரி, மறு கையில் வெடிமருந்து. ஒருவன் பதறினால் பக்கத்தில் நிற்பவன் எரிந்து போவான். இன்று அந்தத் துப்பாக்கியும் இல்லை, திரியும் இல்லை. பதறாமல் ஒவ்வொன்றாகச் செய்யும் முறை மட்டும் மிஞ்சியிருக்கிறது. நான் கற்பிப்பது அதைத்தான்.

ஒரு கட்டளைக்கு இரண்டு பகுதிகள் உண்டு. "அபவுட்..." என்பது எச்சரிக்கை, "ரேர்ன்!" என்பது செயல். இரண்டுக்கும் நடுவே ஒரு சிறிய மௌனம் இருக்கிறது. புதிதாக வரும் பிள்ளைகள் அனேகமாகத் தவறுவது அந்த மௌனத்தில்தான். என்ன வரப்போகிறது என்று தெரிந்ததும் கால் திரும்பிவிடும். தெரிந்த பிறகும் காத்திரு என்று பதின்மூன்று வயதுப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பது இலகுவல்ல. நான் வேண்டுமென்றே அந்த இடைவெளியை நீட்டுவேன். முதல் வாரத்தில் பாதி அணி முன்கூட்டியே திரும்பி ஒருவரோடு ஒருவர் முட்டிக்கொள்ளும். உடனே சிரிப்பு கிளம்பும். ஒருத்தி தொடங்கினால் வரிசை முழுக்கத் தொற்றிக்கொள்ளும். அதட்டினால் சிரிப்பு அடங்காது, இன்னும் கூடும். தூரத்தில் ஒரு தென்னையின் வட்டைக் குறித்துக் கண்ணை அங்கே வைக்கச் சொல்வேன். மூச்சை மெதுவாக வெளியே விடச் சொல்வேன். உள்ளே இழுப்பதை விட வெளியே விடுவது நீளமாக இருக்க வேண்டும். மூன்று மூச்சுக்குள் சிரிப்பு தானாக இறங்கிவிடும்.

அதட்டலைப் பற்றி என் கருத்து வேறு. பயத்தால் அசையாமல் நிற்கும் பிள்ளை, நான் முதுகைத் திருப்பியதும் அசையும். கட்டளைக் குரல் வயிற்றிலிருந்து வர வேண்டும், கோபத்திலிருந்து அல்ல. அதனால் ஒவ்வொரு மாணவியையும் முறை வைத்து அணியை நடத்தச் செய்கிறேன். வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை நாற்பது எட்டுத் தூரத்தில், கடற்காற்றுக்கு எதிராக நின்று கட்டளையிட வேண்டும். முதல் நாள் குரல் காற்றோடு போய்விடும், அணி நகராது. மூன்றாம் வாரத்தில் அதே பிள்ளையின் ஒரு சொல்லுக்கு முப்பது கால்கள் ஒன்றாக நிற்கும்போது அவளுடைய முகத்தைப் பார்க்க வேண்டும்!

வேக நடையில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 120 எட்டு, ஒவ்வொன்றும் 30 அங்குலம் என்பது பழைய அளவு. சின்னப் பிள்ளைகளுக்கு அந்த எட்டு எட்டாது, குறைத்துக்கொள்கிறோம். பெரிய விடயம் அதுவன்று.

கடினமானது நடப்பதல்ல, நிற்பது. அணியில் மயங்கி விழும் பிள்ளையைப் பார்த்து "பலவீனம்" என்பார்கள். அது பலவீனமல்ல. நாம் நடக்கும்போது கெண்டைக்கால் தசைகள் சுருங்கி விரிந்து இரத்தத்தை மேலே தள்ளுகின்றன. அசையாமல் நின்றால் அந்த வேலை நின்றுவிடும். இரத்தம் கால்களில் தேங்க, இதயத்துக்குத் திரும்புவது குறையும், மூளைக்குப் போவதும் குறையும். வெயிலும் வெறும் வயிறும் சேர்ந்தால் இன்னும் சீக்கிரம் நடக்கும். முழங்காலை இறுக்கிப் பூட்டாதே, சப்பாத்துக்குள் விரல்களை அசைத்துக்கொண்டே இரு, பாரத்தைக் கொஞ்சம் முன்பாதத்துக்குக் கொடு. வெளியே யாருக்கும் தெரியாது. கொட்டாவி, குளிர்ந்த வியர்வை, கண் இருட்டல் வந்தால் அனுமதி கேட்காமல் உட்கார்ந்துவிட வேண்டும். என் அணியில் உட்காருவதற்குத் தண்டனை இல்லை. மறைத்து நின்று விழுந்தால்தான் முகத்தில் அடிபடும். விழுந்துவிட்டால் தூக்கி நிறுத்தக் கூடாது. படுக்க வைத்து, கால்களை உயர்த்திப் பிடித்தால் போதும். சில நிமிடத்தில் தெளியாவிட்டால் வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும்.

"இதெல்லாம் படிப்புக்கு உதவுமா?" என்று ஒரு வாப்பா கேட்டார். 2012 ஏப்ரல் 11ஆம் திகதியை நினைவுபடுத்தினேன். சுமாத்திராவுக்கு அப்பால் கடலுக்கடியில் 8.6 அளவில் பூமி அதிர்ந்து, நம் கரைக்கும் சுனாமி எச்சரிக்கை வந்த பிற்பகல் அது. 2004 டிசம்பர் 26இல் மையித்துகளைத் தேடி அலைந்த ஊர், அந்தச் செய்தியைக் கேட்டதும் எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அன்று அலை வரவில்லை. ஆனாலும் காரைதீவுச் சந்தியில் அம்பாறைப் பக்கம் திரும்ப முண்டியடித்த வாகனங்களுக்கு நடுவே, கையை விட்ட பிள்ளையைத் தேடி ஒரு தாய் அழுததை நான் பார்த்தேன். ஓட வேண்டிய நேரத்திலும் முன்னால் போகிறவளை இடிக்காமல், தம்பி தங்கையை எண்ணிப் பார்த்து, சொன்ன திசையில் விரைவாகப் போகத் தெரிய வேண்டும். அனர்த்த ஒத்திகை நாளில் எங்கள் கடேற் பிள்ளைகளை வகுப்புக்கு இருவராகப் பிரித்து விடுகிறோம். சின்னவர்களை வரிசையாக்கி எண்ணிக்கை சொல்வது அவர்கள் பொறுப்பு.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பயிற்சி நாளில் பிள்ளையைக் காலை உணவு இல்லாமல் அனுப்ப வேண்டாம். ஒரு இடியப்பமாவது போதும், தண்ணீர்ப் போத்தல் கட்டாயம். புதுச் சப்பாத்தை முதல் நாளே போட்டு அனுப்பாமல் வீட்டில் இரண்டு மூன்று நாள் நடந்து பழக விடுங்கள். நோன்பு மாதத்தில் வெயிலில் நிற்கும் பயிற்சியை நிறுத்தி, வகுப்பறைக்குள் கட்டளைக் குரலும் முதலுதவியும் படிக்கிறோம். ஆகவே "நோன்போடு மகள் வெயிலில் நிற்கிறாளா?" என்று கேட்டு அந்த மாதத்தில் வாசலுக்கு வரத் தேவையில்லை. மற்ற மாதங்களில் தாராளமாக வாருங்கள், வேப்ப மரத்தடியில் நின்று பார்க்கலாம்.