கும்பகோணத்து மனையொன்று

கணித மேதை சீனிவாச இராமானுசன் (1887–1920) பிறந்தது ஈரோட்டில், தாயின் பிறந்தகத்தில். வளர்ந்தது கும்பகோணம் சாரங்கபாணி சந்நிதித் தெருவில் உள்ள மனையில். சாஸ்த்ரா பல்கலைக்கழகம் அதனை வாங்கிப் புதுக்க, 2003-இல் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் நினைவில்லமாகத் திறந்துவைத்தார். காண வருவோர் பெரும்பாலும் தெருவை நோக்கிய சாளரத்தையும் அதனருகேயுள்ள கட்டிலையும் கண்டு மீள்கின்றனர். மனையின் செய்தி அச் சிற்றறையோடு முடிவதன்று என்பதே யாம் ஈண்டுக் கூறப்புகுவது.

விக்டோரியா அரசியார் காலத்து வாழ்வைக் கண்ட மனையேனும், விக்டோரியப் பாணியின் சாயல் இதிற் சிறிதும் இல்லை. சென்னையில் உயர்நீதிமன்றம் (1892) குவிமாடங்களோடு எழுந்த அக்காலத்தும், காவிரிநாட்டு எளிய குடும்பங்கள் திண்ணையும் ஓட்டுக்கூரையும் உடைய பழைய அமைப்பிலேயே வாழ்ந்தன. வீடு தெருப்பக்கம் குறுகியது. உட்செல்லச் செல்ல நீள்வது. திண்ணை, ரேழி, கூடம், அடுக்களை, கொல்லைக் கிணறு என்பது இத்தகைய வீடுகளின் வரிசை. இடைகழி என்பதே ரேழி எனத் திரிந்தது என்பர். முதலாழ்வார் மூவரும் மழையிரவில் நெருங்கி நின்றதாக வைணவ மரபு கூறும் திருக்கோவலூர் இடைகழியை ஈண்டு நினைக்கலாம். பெயர் மாறினும் இடத்தின் ஒடுக்கம் மாறவில்லை!

திண்ணை வீட்டிற்கும் தெருவிற்கும் பொதுவாவது. பிற சிறுவர் தெருவில் ஆட, இராமானுசன் திண்ணையில் பலகையை மடியில் வைத்துக் கணக்கிட்டிருப்பார் என்பது பலரும் அறிந்த செய்தி. ஆயின் அக் கணக்கிற்கு வேண்டிய நூல் இவ்வீட்டிற்குள் வந்த வழி யாது?

தந்தையார் புடைவைக் கடையொன்றிற் கணக்கர். திங்கள் ஊதியம் ஏறத்தாழ 20 ரூபாய். அன்னையார் கோமளத்தம்மாள் கோயிலிற் பசனை பாடிச் சிறிது பெற்றார். அதுவும் போதாமையின் அரசினர் கல்லூரி மாணவர் இருவர்க்கு உணவும் உறையுளும் அளித்துப் பொருள் ஈட்டினர். ஒருவர் திருநெல்வேலியினர், மற்றவர் திருச்சிராப்பள்ளியினர். அவர்களே சிறுவனுக்குக் கணிதம் பயிற்றினர். அவர்கள் அறிந்ததனைத்தும் பதினோராம் அகவைக்குள் தீர்ந்துபோக, லோனியின் முக்கோண கணித நூலைக் கொணர்ந்து தந்தனர். 1903-இல் கிட்டிய கார் என்பாரின் நூலைப் பற்றி எழுதாதார் இலர். அதற்கு முந்திய இப்படியை எழுதுவோர் அதனைத் தற்செயலாகவே கருதுவர். எமக்கு அவ்வாறு தோன்றவில்லை. வறுமையால் மூண்ட அடுக்களையின் அடுப்பே அந் நூலுக்கு வாயில் திறந்தது. கோமளத்தம்மாளின் உழைப்பு இவ்வரலாற்றில் அடிக்குறிப்பாக நிற்றற்குரியதன்று.

இத்தகைய ஓட்டு வீடுகள் காவிரிநாட்டில் நாளும் இடிக்கப்படுகின்றன. ரேழி, தாழ்வாரம் முதலிய சொற்களும் அவற்றோடு வழக்கொழிகின்றன. சந்நிதித் தெருவிற்குச் செல்லும் ஆய்வு மாணவர், சாளரத்தருகே நின்றுவிடாது, பின்கட்டையும் கிணற்றடியையும் அளந்து, அவ்வவ் விடத்தின் பெயரை அத் தெருவின் முதியோரிடம் கேட்டு எழுதி வருவாராக.