மரத்தில் எழுத்தும் இயந்திரத்தின் கையும்

காகிதத்தில் நேர்ந்த பிழையைக் கிழித்தெறிந்துவிட்டு வேறொரு காகிதத்தில் எழுதிக்கொள்ளலாம். மரத்தில் நேர்ந்த பிழைக்கு அத்தகைய எளிய பரிகாரம் இல்லை. தேக்குப் பலகையில் ஓரெழுத்துத் தவறாக வெட்டப்படின் பலகை வீணாகும். அன்றேல் அப்பிழை ஊரார் கண்முன்னே ஆண்டுக்கணக்காகத் தொங்கிக்கொண்டிருக்கும். முன்னாளில் தச்சாசாரியார் எழுத்தின் ஒவ்வொரு வளைவையும் கண்ணால் அளந்து, மரத்தின் இழையோட்டத்துக்கு ஏற்ப உளியைத் திருப்பினார். இன்று அவ்வேலையைக் கணினி வழிநடத்தும் இயந்திரம் செய்கின்றது. இயந்திரத்துக்குக் கை உண்டு, கண் இல்லை. ஆதலின், எழுத்தைப் பார்க்கவேண்டிய பொறுப்பு முழுவதும் அதனை ஏவும் மனிதனையே சாரும்.

இவ்வியந்திரத்தின் தோற்றம் அண்மைக்காலத்தது. எண்களால் இயக்கப்பட்டு, சுழலும் வெட்டலகினால் உலோகத்தைச் செதுக்கும் இயந்திரமொன்று 1952 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசச்சூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் இயக்கிக் காட்டப்பட்டது. துளையிட்ட காகித நாடாவே அன்று அதற்குக் கட்டளை வழங்கிற்று. அதன் வழிவந்த சீ.என்.சீ. இயந்திரங்கள் இன்று மரப்பட்டறைகளிலும் இடம்பெற்றுள்ளன. வேகமாகச் சுழலும் வெட்டலகை இடம் வலமாகவும், முன் பின்னாகவும், மேல் கீழாகவும் நகர்த்துவதே இயந்திரத்தின் தொழில். இவ்வலகைப் பட்டறையினர் 'பிட்' என்பர். கணினியில் வரைந்த உருவத்தை, பிட் செல்லவேண்டிய பாதையாக மாற்றிக் கொடுப்பது அதற்கென அமைந்த மென்பொருளாகும்.

எழுத்துரு என்பது யாது? கணினியில் ஓரெழுத்து அதன் புறவிளிம்பைக் குறிக்கும் வளைகோடுகளாகவே சேமிக்கப்பட்டிருக்கிறது. அவ்விளிம்புக்குள் மை நிரம்பினால் அச்செழுத்துத் தோன்றும். மைக்குத் தடிப்பு இல்லை. எவ்வளவு கூரிய மூலைக்குள்ளும் அது புகும். பிட்டோ வட்டமானது. தன் விட்டத்திலும் ஒடுங்கிய இடத்தில் அது நுழைய மாட்டாது. திரையிலும் தாளிலும் அழகாகத் தோன்றிய எழுத்து மரத்தில் சிதைவதற்கு இதுவே முதற்காரணம். எனவே, எழுத்துருத் தேர்வை எழுத்தின் அழகிலிருந்து தொடங்குதல் ஆகாது. எந்தப் பிட், எந்த மரம், எத்தனை உயரமான எழுத்து என்னும் மூன்று வினாக்களுக்கு விடை கண்ட பின்னரே எழுத்துருவை நாடவேண்டும்.

ஓர் உதாரணத்தைக் கொள்வோம். 'பொதுப்பணி மன்றம்' என்னும் பெயரைப் பலகையொன்றில் குழித்து வெட்டவேண்டியிருக்கிறது. தட்டை முனையுடைய 6 மில்லிமீற்றர் பிட்டினால் வெட்டினால், பகரத்தின் கூரிய மூலைகள் 3 மில்லிமீற்றர் ஆரமுள்ள வளைவுகளாக மழுங்கும். எழுத்துக் கோட்டின் அகலம் எங்கேனும் 6 மில்லிமீற்றரிலும் குறைந்தால் அவ்விடம் வெட்டப்படாமலே விடுபடும். புள்ளியின் நிலை இன்னும் ஆபத்தானது. எழுத்துச் சிறிதாயின் புள்ளியின் விட்டம் 2 மில்லிமீற்றர் அளவாகவும் இருக்கக்கூடும். அரைக்கால் அங்குலப் பிட், அதாவது 3.175 மில்லிமீற்றர் விட்டமுடையது, அதனுள் புகாது. மென்பொருள் அப்புள்ளியைத் தவிர்த்துவிட்டு மேலே செல்லக்கூடும். புள்ளியை இழந்த 'மன்றம்' தன் மெய்யெழுத்துக்களையே இழந்து நிற்கும்.

சுழிகளும் இவ்வாறே கவனிக்கற்பாலன. மூன்று சுழி ணகரத்தையும் இரண்டு சுழி னகரத்தையும் வேறுபடுத்துவது ஒரு சிறு வளைவேயாகும். சுழியின் நடுவில் எஞ்சும் மரத்துண்டு மிகச் சிறிதாயின், பிட்டின் அதிர்வில் அது தெறித்துவிடும். சுழிகள் ஒன்றோடொன்று கலந்து ஒரே குழியாகும். அப்போது 'பொதுப்பணி' என்பதைத் தொலைவிலிருந்து காண்பவர் 'பொதுப்பனி' என வாசித்து நகைத்தால் குறை அவரிடத்தில் இல்லை. ஆகையால், தமிழ்ப் பலகைக்குச் சுழிகள் அகன்று திறந்தனவாயும், புள்ளி பெரிதாயும், கோடு ஏறத்தாழ ஒரே தடிப்புடையதாயும் உள்ள எழுத்துருவே ஏற்றது.

கூரிய மூலைகள் வேண்டுவோர்க்குக் கூம்பு முனைப் பிட் உதவும். பட்டறையில் இதனை 'வீ பிட்' என வழங்குவர். கோடு அகலும்போது இது ஆழ இறங்கும், ஒடுங்கும்போது மேலெழும், மூலையில் முனை மட்டுமே மரத்தைத் தொடும். உளியால் வெட்டிய எழுத்தின் தோற்றம் இதனால் கிட்டும். ஆயினும் இங்கும் கணக்கு உண்டு. 90 பாகைப் பிட் 6 மில்லிமீற்றர் அகலக் கோட்டை 3 மில்லிமீற்றர் ஆழத்தில் வெட்டும். 60 பாகைப் பிட் அதே கோட்டுக்கு ஏறத்தாழ 5.2 மில்லிமீற்றர் இறங்கும். கோட்டின் அகலம் 20 மில்லிமீற்றராயின், 60 பாகைப் பிட் 17.3 மில்லிமீற்றர் ஆழம் செல்ல முற்படும். பலகையின் தடிப்பு 18 மில்லிமீற்றரே எனின், அடியில் எஞ்சுவது ஒரு மில்லிமீற்றரும் அன்று. தடித்த எழுத்துருவைத் தேர்பவர் ஆழத்துக்கு எல்லை வகுத்து, நடுப்பகுதியைத் தட்டைப் பிட்டினால் சமமாக்குதல் வேண்டும்.

சிறு பொருள்களில் பெயர் பொறிப்பதற்கு ஒற்றைக்கோட்டு எழுத்துக்கள் பயன்படும். இவற்றுக்குப் புறவிளிம்பு இல்லை. பேனா எழுதுவதுபோல் பிட் ஒருமுறை ஓடிச் செல்லும். அமெரிக்கக் கடற்படையின் டால்கிறென் ஆய்வுகூடத்தில் பணியாற்றிய அலன் ஹேர்ஷி என்பார் 1967 ஆம் ஆண்டில் வெளியிட்ட எழுத்துக்கள் இவ்வகையில் பெயர்பெற்றவை. சாதாரண எழுத்துருவை இவ்வேலைக்குக் கொடுத்தால் பிட் விளிம்பைச் சுற்றி ஓடும்; ஒவ்வொரு கோடும் இரட்டைக் கோடாக விழும்.

எழுத்தைப் புடைப்பாக விட்டுச் சுற்றுப்புறத்தை அகற்றும் வேலையில் மரத்தின் இயல்பே தலைமை பெறும். இழையோட்டத்துக்குக் குறுக்கே நிற்கும் மெல்லிய கோடு எளிதில் முறியும். முதிரை போன்ற அடர்ந்த மரம் நுண்ணிய விளிம்பைத் தாங்கும்; மென்மரத்தில் அதே விளிம்பு பிசிராகும். எழுத்துக்களுக்கிடையே பிட் செல்வதற்கு வேண்டிய இடைவெளியும் இருத்தல் வேண்டும். பலகையை ஊடறுத்து வெட்டும்போதோ, சுழியின் உள்ளே அடைபட்ட மரம் கழன்று விழுந்துவிடும். அதனைத் தாங்குவதற்குச் சிறு பாலங்கள் உள்ள எழுத்துரு தேவை.

தேர்ந்த எழுத்துருவைப் பேணுதல் அடுத்த கடமை. வீட்டுக் கணினியில் அமைத்த பெயரைப் பட்டறைக்கு அனுப்பும்போது, பட்டறைக் கணினியில் அதே எழுத்துரு இல்லையெனின் வேறொன்று அதன் இடத்தைப் பிடிக்கும். இலங்கையில் நெடுங்காலம் வழங்கிவரும் பாமினி எழுத்துருவில் இத்துன்பம் பெரிது. அது ஆங்கில விசைகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை அமைத்தது; ஆதலின் அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் தமிழ்ப்பெயர் பொருளற்ற ஆங்கில எழுத்துக்களாகவும் அரைப்புள்ளிகளாகவும் காட்சி தரும். 1991 ஆம் ஆண்டில் வெளியான யூனிக்கோட் நியமம் தமிழுக்குத் தனியிடம் வழங்கி இக்குறையை நீக்கியது. எனினும், தமிழெழுத்து இணையும் முறையை அறியாத செதுக்கல் மென்பொருள்களும் உண்டு. அவற்றில் 'பொ' என்பதன் ஒற்றைக்கொம்பு பகரத்துக்கு முன் நில்லாது பின்னே சென்று அரவோடு ஒட்டிக்கொள்ளும். தமிழறியாத ஒருவர் இயந்திரத்தின் அருகே நிற்பாராயின், அப்பிழை அவ்வாறே மரத்தில் ஏறும்.

இதற்கு வழி எளிது. தமிழைச் சரியாகக் காட்டும் வரைதல் மென்பொருளில் பெயரை அமைத்து, எழுத்துப் பிழை நோக்கிய பின், எழுத்துக்களை வளைகோடுகளாக மாற்றி அனுப்புதல் வேண்டும். அப்போது அவை வெறும் உருவங்களாகிவிடுவதால் எந்தக் கணினியிலும் மாறா. பின்னர் திருத்துவதற்கு மாற்றாத பிரதியொன்றையும் வைத்துக்கொள்ள வேண்டும். ஒன்றன்மேல் ஒன்று படிந்த விளிம்புகளை ஒன்றாக இணைக்காவிடின், பிட் எழுத்தின் குறுக்கே ஓடிவிடும். செம்மையற்ற எழுத்துருக்களில் ஒரு வளைவிலேயே அளவுக்கு மிஞ்சிய புள்ளிகள் நெருங்கியிருக்கும். அவற்றில் இயந்திரம் தட்டுத்தடுமாறி விளிம்பைக் கரடாக்கும்.

இலவசமாகக் கிடைக்கின்றன என்பதற்காக நூற்றுக்கணக்கில் எழுத்துருக்களைச் சேர்த்து வைப்பதால் பயனில்லை. வணிகத்துக்கு உபயோகிக்க அனுமதியுள்ளவையா என உரிமப் பத்திரத்தைப் பார்த்து, நன்கு சோதித்த ஏழெட்டை மட்டும் தனி உறையில் வைத்தல் போதும். ஒவ்வொன்றையும் கழிவுப் பலகையில் வெட்டி, எழுத்தின் உயரத்தையும் பிட்டின் அளவையும் அதன் பின்புறத்தில் எழுதிச் சுவரில் தொங்கவிடும் பட்டறை, வாடிக்கையாளருக்குத் திரையைக் காட்டவேண்டிய தேவை இல்லை, மரத்தையே காட்டலாம்.

நல்ல பலகையை இயந்திரத்தில் ஏற்றுமுன் செய்யவேண்டியது இன்னும் ஒன்று உண்டு. பெயரைக் கழிவுப் பலகையில் அதே அளவில் வெட்டிச் சுவரில் சாத்திவைத்து, அப்பெயரை முன்னர் அறியாத ஒருவரைப் பத்தடி தூரத்தில் நிறுத்தி உரக்க வாசிக்கச் சொல்லவேண்டும். பாடசாலைப் பிள்ளை ஒருவராயின் மிக நன்று. அவர் தடையின்றி வாசித்தால் எழுத்துருத் தேர்வு சரியே. தடுமாறினால், எந்த எழுத்தில் தடுமாறினார் என்பதைக் குறித்துக்கொண்டு மீண்டும் கணினிக்குத் திரும்புவதே முறை. அதனால் செலவாவது ஒரு கழிவுப் பலகையும் ஒரு மணி நேரமுமே.