பொதிகையின் வாலில்லா வௌவால்

தாமிரபரணி பிறக்கும் பொதிகை மலைக்காடுகளில், வேறெந்த நாட்டிலும் இல்லாத வௌவால் ஒன்று வாழ்கிறது. அதன் பெயர் சாலிம் அலி பழந்தின்னி வௌவால். மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியே அதன் முக்கிய வாழிடம்.

1948இல் மேகமலைத் தேயிலைத் தோட்டத்தில் பணியாற்றிய ஆங்கஸ் ஹட்டன் இதை முதலில் பிடித்தார். பதப்படுத்திய அதன் உடல், குறுமூக்குப் பழந்தின்னி வௌவால் என்ற தவறான பெயரோடு மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சேகரிப்பில் கிடந்தது. 24 ஆண்டுகளுக்குப் பிறகு, 1972இல், தாய்லாந்து விலங்கியலாளர் கிட்டி தொங்லோங்யா அதை ஆராய்ந்து, இது புதிய இனம் மட்டுமல்ல, தனிப் பேரினமே என்று அறிவித்தார். பறவையியலாளர் சாலிம் அலியின் பெயரையும் சூட்டினார். 1993இல் மேகமலையில் மறுபடியும் கண்டுபிடிக்கப்படும்வரை, அந்த ஒற்றை உடல்தான் இவ்வினத்துக்கு ஒரே சான்று. பின்னர் பொதிகையின் களக்காடு–முண்டந்துறை புலிகள் காப்பகத்திலும் இது வாழ்வது தெரியவந்தது.

பெயர் குழம்பியதில் வியப்பில்லை. நாயின் முகம்போன்ற மூஞ்சி, பெரிய கண்கள், பழுப்பு உடல் என இரண்டும் ஒரே சாயல். ஆனால் குறுமூக்கு வௌவாலுக்குச் சிறிய வால் உண்டு. இதற்கு வெளியே தெரியும் வால் கிடையாது. அதற்கு மேல்தாடையிலும் கீழ்த்தாடையிலும் இரண்டிரண்டு இணை வெட்டுப்பற்கள். இதற்கோ ஒவ்வோர் இணைதான். தங்குமிடமும் வேறு. குறுமூக்கு வௌவால் ஊருக்குள் பனையோலையிலும் நெட்டிலிங்க மரத்திலும் தொங்கும். இது மலைக்குகைகளில் பகலைக் கழித்து, இருட்டியபின் இரை தேடிப் புறப்படும்.

காட்டு அத்தியும் ருத்திராட்ச இனத்து மரங்களின் கனிகளும் இதன் உணவு. பழந்தின்னி வௌவால்கள் பழத்தை மென்று சாற்றை விழுங்கிச் சக்கையைத் துப்பும். அத்தி போன்றவற்றின் பொடி விதைகள் எச்சத்தோடு வெகுதூரம் போய் விழும். கனமான கனிகளைத் தாய்மரத்திலிருந்து கவ்விச் சென்று வேறு கிளையில் வைத்துத் தின்னும்போது, கொட்டை அங்கே உதிரும். மழையைத் தாங்கி ஓடைகளுக்கு நீர் விடும் சோலைகள் இப்படியும் விதைக்கப்படுகின்றன.

காடு குறைவதும், இறைச்சிக்காகவும் மருந்தென்ற நம்பிக்கையாலும் வேட்டையாடுவதும் இதை அழியும் ஆபத்தில் உள்ள இனமாக்கிவிட்டன. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலிக்கு இணையான காப்பு இதற்கு உண்டு. ஆனால் சட்டம் மட்டும் போதாது. மலைக்குப் போகிறவர்கள் குகைகளுக்குள் புகை மூட்டாதீர்கள், வெடி வெடிக்காதீர்கள். வௌவால் கறி ஆஸ்துமாவைத் தீர்க்கும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். அதற்கு மருத்துவ ஆதாரம் கிடையாது.